தம்பி விற்ற வாக்கு

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் அப்பாவின் மாரெட்பள்ளி வீட்டுக்கு வந்துவிட வேண்டும், ஒரு பெரிய செய்தி இருக்கிறது என்று அனிருத் சொல்லிவைத்திருந்தான். என்ன செய்தி என்று சொந்த அக்காவிடம்கூட வாயைத் திறக்கவில்லை. புதுக் கார் வாங்கியிருப்பான் என்று நினைத்தாள் சாருலதா. வெளிநாட்டுக்குக் கிளம்புகிறான் என்றான் அவள் கணவன் பத்ரிநாராயணன். கோகாபேட்டில் ஃப்ளாட் வாங்கிவிட்டான் என்று அம்மா அபயாம்பாள் முடிவே கட்டிவிட்டாள்.

ஒருவர் நினைத்ததும் சரியில்லை.

செய்தி சாருலதாவுக்கு ஞாயிறு காலையிலேயே வந்துவிட்டது. தம்பி சொல்லவில்லை. ராஜமுந்திரியிலிருந்து முகம் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தாள்.

‘மேடம், மினார்கிளிக்கை ஹீலியார்க் வாங்கிவிட்டதாமே. அப்படியானால் நாங்கள் உங்கள் தளத்தில் படித்ததெல்லாம் இனி யாருக்குத் தெரியும்?’

சாருலதா திருமுல்கேரியில் ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சர். வலிப்பு உள்ளவர்களுக்காக ‘பக்கத்துணை’ என்ற இணையதளத்தை வீட்டிலிருந்தே நடத்திவந்தாள், தமிழிலும் தெலுங்கிலும். வலிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும், மாத்திரையை எப்போது குறைக்கலாம், கர்ப்பமாக இருக்கும்போது சாப்பிடலாமா, மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா மறைப்பதா என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். டாக்டர்கள் பதில் எழுதுவார்கள். கேட்பவர்கள் யாரும் சொந்தப் பெயரில் கேட்பதில்லை. பெரும்பாலானோர் கேட்பதுகூட இல்லை. வந்து படித்துவிட்டு ஓசைப்படாமல் போய்விடுவார்கள்.

அந்தத் தளத்தில் வரும் விளம்பரங்களைத் தருவது மினார்கிளிக். அது அனிருத்தின் கம்பெனி. மாதாப்பூரில் ஒரு மாடி அறையில் தொடங்கி, இன்று நூற்றுக்கணக்கான தளங்களுக்கு விளம்பரம் போடும் அளவுக்கு வளர்த்திருந்தான். ஆரம்பத்தில், விளம்பரமே வேண்டாம் என்றுதான் சாருலதா சொன்னாள். டாக்டர்களுக்கும் சர்வருக்கும் எங்கே போவாய் என்று கேட்டு அவன்தான் அவளைச் சம்மதிக்க வைத்தான். “உன் சைட்டுக்கு யார் வந்தாங்கன்னு எனக்கே தெரியாதுக்கா. எந்த போன்லேர்ந்து வந்தாங்கன்னு மட்டும்தான் தெரியும். யாரோட போன்னு தெரிஞ்சவன் கையில அதை ஒருநாளும் கொடுக்க மாட்டேன்” என்றான்.

தம்பியின் அந்த வாக்கை நம்பித்தான் அவள் தன் தளத்தின் முகப்பில், ‘இங்கே வருகிறவர் யார் என்பது எவருக்கும் போகாது’ என்று தன் பெயர் போட்டு எழுதினாள்.

இப்போது ஹீலியார்க் வந்திருக்கிறது. உலகத்தில் பாதிப் பேரின் மெயிலும் போனும் அதன் கையில். யார் எந்த போன் வைத்திருக்கிறார், வீடு எங்கே, வேலை எங்கே என்று அதற்குத் தெரியும். அந்த போனில் எந்த வியாதியைப் பற்றிப் படித்தார்கள் என்று மினார்கிளிக்குக்குத் தெரியும். இரண்டு பாதியும் இனி ஒரே கூரையின் கீழ்.

சாருலதா போனை வைத்துவிட்டு, கிளம்பலாம் என்று கணவனிடம் சொன்னாள். சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருக்கிறதே என்றான் அவன். சாப்பிட இல்லை என்றாள்.

கார்கானா வழியாக ஸ்கூட்டரில் போகும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்ரிநாராயணனும் கேட்கவில்லை. பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

மாரெட்பள்ளி வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள், அப்பாவின் பழைய ஆபீஸ் நண்பர்கள், அனிருத்தின் மாமனார் வீட்டு மனிதர்கள். அப்பா ராமசுவாமி ஆங்கிலப் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் மகனின் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார். பொலாரத்திலிருந்து வந்த கர்னல் ஒருவர், நம் பையனை அமெரிக்காக்காரன் தேடி வந்து வாங்குகிறானே என்று மெச்சினார். வாங்கப்பட்டது பையன் இல்லை என்று சொல்ல சாருலதாவுக்கு நாக்கு துறுதுறுத்தது.

அனிருத்தின் மனைவி சாஹித்யா எல்லோருக்கும் காஜு பர்ஃபி கொடுத்துக்கொண்டிருந்தாள். விஜயவாடாப் பெண். கல்யாணமாகி வந்த பிறகு தமிழ் கற்றுக்கொண்டவள். “தீஸ்கோண்டி வதினா” என்று நாத்தனாரிடம் தட்டை நீட்டினாள். சாருலதா ஒன்றை எடுத்து, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பி, வீட்டு மனிதர்கள் மட்டும் சாப்பிட உட்காரும்வரை பொறுத்திருந்தாள். அம்மா ரசம் ஊற்றும்போது, எந்தக் கோபமும் இல்லாத குரலில் தம்பியிடம் கேட்டாள். ‘பக்கத்துணை’ பக்கங்களில் மினார்கிளிக் இதுவரை சேர்த்துவைத்ததை என்ன செய்யப் போகிறாய்?

அவன் சிரித்தான். “இன்னிக்கே அதுவாக்கா? லைட் தீஸ்கோ, பெரிசா எடுத்துக்காதே.”

அவள் மறுபடியும் கேட்டாள்.

கம்பெனியோடு எல்லாமும் போகும் என்றான் அனிருத். கையெழுத்தாகிவிட்டது, முழுசாகக் கைமாற இன்னும் சில வாரம் ஆகும். ஹீலியார்க் பெரிய கம்பெனி, சட்டதிட்டம் எல்லாம் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும், கவலைப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் கைமாறுவதற்குள் அந்தப் பக்கங்களின் விவரத்தை மட்டும் அழித்துவிடு என்றாள் சாருலதா. வியாதிக்காரர்கள் படித்த பக்கம். அதில் ஹீலியார்க்குக்கு என்ன லாபம்?

அனிருத் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினான். நக்கோ அக்கா, வேண்டாம், அழித்தால் பேச்சே மாறிவிடும் என்றான். உன் தளத்துக்கு அழித்தால் நாளைக்கு இன்னொருவர் கேட்பார். சர்க்கரை வியாதித் தளம் கேட்கும், பிள்ளைப்பேறு இல்லாதவர்கள் தளம் கேட்கும்.

“கேக்கட்டும். அழி.”

“அழிச்சுட்டா அப்புறம் விக்கறதுக்கு என்னக்கா இருக்கு? கட்டடம் வாடகை, மேஜை நாற்காலி வாடகை. அவன் வாங்கறதே அந்த விவரத்தைத்தானே?”

சொல்லிவிட்ட பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது போலிருந்தது. தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

சாருலதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஜனங்கள் பயந்து பயந்து, கதவைச் சாத்திக்கொண்டு படித்தது இவனுடைய சரக்கு. அதைத்தான் இத்தனை நாளாக வளர்ச்சி, உழைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அதற்குத்தான் பேப்பரில் போட்டோ, கர்னலின் பாராட்டு, காஜு பர்ஃபி.

அவள் குரல் உயர்ந்தது. நீ கொடுத்த வாக்கை நம்பி நான் ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்தேன், நீ உன் வாக்கை மட்டுமா விற்றாய், என்னுடையதையும் சேர்த்து விற்றிருக்கிறாய் என்றாள். அப்பா இடைமறித்தார். நல்ல நாள் அதுவுமாக வேண்டாம், அப்புறம் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார். மகன் பக்கமா மகள் பக்கமா என்று தெரியாமல் பேப்பரின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார்.

அம்மாதான் பேசினாள். இந்தக் காலத்தில் யாருக்கு எது தெரியாமல் இருக்கிறது, காய் வாங்கினால்கூட போன் நம்பர் கேட்கிறான், அதற்காகக் கூடப் பிறந்தவன் நன்றாக இருப்பதைப் பார்த்து வயிறெரியலாமா என்றாள்.

சாருலதா கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

பத்தொன்பது வயதில் அவளுக்கு ஒரு வரன் நிச்சயமானது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. மார்க்கெட் தெரு மருந்துக்கடையில் வேலை செய்தவன் மாப்பிள்ளை வீட்டுக்கு உறவு. பெண் வீட்டில் மாசாமாசம் வாங்குவது வலிப்பு மாத்திரை என்று அவன் சொல்லிவிட்டான். அவ்வளவுதான், கல்யாணம் நின்றது. அதற்குப் பிறகு பல வருடங்கள் அந்தத் தெருவையே தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போன குடும்பம் இது. எல்லாம் தெரிந்து, கேட்டுக்கொண்டு, பத்ரிநாராயணன் வந்து கைபிடித்தது பிறகு நடந்த கதை.

“அன்னிக்கு அந்த மருந்துக்கடைக்காரனை நீ எப்படிச் சபிச்சேன்னு எனக்கு ஞாபகம் இருக்கும்மா” என்றாள் சாருலதா. “அவன் ஒருத்தன் செஞ்சதைத்தான் உன் பையன் லட்சம் பேருக்குச் செஞ்சிருக்கான். அவனுக்கு நீ பாயசம் வெச்சிருக்கே.”

அபயாம்பாளின் கையில் கரண்டி அப்படியே நின்றது. சாஹித்யா தலை குனிந்தபடி காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். சாருலதா கை கழுவிவிட்டு வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றாள். பத்ரிநாராயணன் மாமனாரிடம் சொல்லிக்கொண்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

வீட்டுக்கு வந்ததும் இர்பானைக் கூப்பிட்டாள். பேகம்பேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, பக்கத்துணையின் தொழில்நுட்ப வேலைகளைக் கவனித்துக்கொள்பவன். அவனுடைய தங்கைக்கு வலிப்பு உண்டு. மினார்கிளிக்கின் விளம்பரங்களை இன்றே, இப்போதே எடுத்துவிட வேண்டும் என்றாள்.

“ஹவ் மேடம், எடுத்துடலாம்” என்று ஆமோதித்தான். அதன்பின் தயங்கி, விளம்பரம் நின்றால் தளத்தை எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று கேட்டான். தெரியவில்லை என்றாள். இனிமேல் போவதைத்தான் நிறுத்த முடியும், இதுவரை போனது அவர்களிடம்தான் இருக்கும் என்பதையும் சொன்னான். அது அவளுக்கும் தெரியும்.

தன் பெயர் போட்டு எழுதிய அந்தப் பழைய வரியை முகப்பிலிருந்து எடுத்தாள். அந்த இடத்தில் புதிதாக எழுதினாள். மினார்கிளிக் விற்கப்பட்டுவிட்டது. இங்கே நீங்கள் படித்தவற்றின் விவரம் ஹீலியார்க்கின் கைக்குப் போகப் போகிறது. அதை அழிக்கச் சொல்லிக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். மினார்கிளிக்கை நடத்துபவர் என் தம்பி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கைமாறுவதற்குள் அந்த விவரத்தை அழிக்கச் சொல்லி நாம் எல்லோரும் சேர்ந்து கேட்போம். வேண்டுமானால் கோர்ட்டுக்கும் போவோம்.

பத்ரிநாராயணன் அதைப் படித்துப் பார்த்தான். தம்பி என்ற சொல் கட்டாயம் வேண்டுமா என்று கேட்டான். வேண்டும் என்றாள்.

பதில்கள் வரத் தொடங்கின. கூடவே நிற்கிறோம் என்றார்கள் பலர். சேலத்திலிருந்து ஒருவர், தன் பெயரை வெளியே சொல்லியே வழக்குப் போடத் தயார் என்றார். ஆனால் மதுரைப் பெண் ஒருத்தி எழுதியதைச் சாருலதாவால் தாண்டிப் போக முடியவில்லை. ‘நான் உங்கள் தம்பியை நம்பி வரவில்லை மேடம், உங்களை நம்பி வந்தேன். அடுத்த மாதம் என் கல்யாணம்.’

வெயில் தாழும் நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது சாஹித்யா. தனியாக வந்திருந்தாள்.

சமாதானம் பேச அனுப்பியிருக்கிறார்கள் என்று சாருலதா நினைத்தாள். அம்மாவின் வேலையாக இருக்கும். உட்காரச் சொன்னாள், காபி வேண்டுமா என்று கேட்டாள். முகத்தில் இறுக்கம் தளரவில்லை. பத்ரிநாராயணன் நிலைமையைப் பார்த்து, லால்பஜாரில் காய் வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பினான்.

சாஹித்யா காபி வேண்டாம் என்றாள். “ஹீலியார்க்காரங்க எவ்வளவு பின்னாடி வரைக்கும் பார்க்க முடியும் வதினா? பழசெல்லாம்கூட இருக்குமா?”

யார் படித்தது என்று கேட்க சாருலதா வாயெடுத்தாள். கேட்கவில்லை. எதிரே இருந்த முகத்திலேயே பதில் இருந்தது.

“நானு காலேஜ் படிக்கும்போது ஆரம்பிச்சுது” என்றாள் சாஹித்யா. “மாத்திரையில அடங்கிப்போச்சு. இந்த வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு தடவைகூட வரலை. ஒத்தைத் தலைவலி மாத்திரைன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன். சந்தேகம் வந்தா உங்க சைட்டைத்தான் பார்ப்பேன். ஹர்ஷிதா வயித்துல இருந்தப்ப தினம் பார்த்தேன்.”

சாருலதாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். இதே வியாதி உள்ள நாத்தனார் ஒரே ஊரில் இருக்கும்போது, ஒரு வார்த்தை சொல்லாமல் திரைக்குப் பின்னால் நின்று படித்துவிட்டுப் போயிருக்கிறாளே. அக்கா படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவன் அனிருத். அவனிடம் சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருக்க மாட்டானா? அதையே கேட்டாள்.

“சொல்றதாத்தான் இருந்துது. பெண் பார்க்க வந்தன்னிக்கு அத்தைய்யா எங்க அம்மாகிட்ட சொன்னாங்க. எங்க வீட்ல ஒருத்தி பட்டது போதும், வர்ற மருமகளாவது நல்ல உடம்போட வரணும்னு. அதுக்கப்புறம் எங்க அம்மா வாயைத் திறக்கலை. என்னையும் திறக்க விடலை.”

சாருலதாவுக்கு எல்லாம் விளங்கியது. தன் பெயரைச் சொல்லித்தான் இவள் வாயை அடைத்திருக்கிறார்கள். தான் பட்டதையே இன்னொருத்தி வாய்க்குப் பூட்டாகப் போட்டிருக்கிறார்கள். எழுந்து போய் சாஹித்யாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாஹித்யா அழவில்லை. அவள் முகம் சிவந்திருந்தது. இத்தனை வருடம் காதும் காதும் வைத்தாற்போல் காப்பாற்றியதை, கட்டியவனே மூட்டை கட்டி அமெரிக்காக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான், கொடுத்தது என்னவென்றுகூடத் தெரியாமல் எல்லோருக்கும் என்னையே இனிப்புக் கொடுக்கச் சொன்னான் என்றாள். நாளைக்கு இது இன்ஷூரன்ஸ்காரனுக்குப் போகும். ஹர்ஷிதா பெரியவளானால் அவளுக்கு வரும் வரன் வீட்டுக்குப் போகும். அவரைக் கேட்டால் எண்கள்தான், பெயர் இல்லை என்பார்.

அவனிடம் சொல்லட்டுமா என்று சாருலதா கேட்டாள்.

“வத்து வதினா, வேண்டாம். நீங்க சொல்லக் கூடாது. யார்கிட்டயும்.” சாருலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்களை நம்பித்தான் வந்தேன்.”

சாருலதா வாக்குக் கொடுத்தாள்.

கொடுத்த கை விலகுவதற்குள் போன் அடித்தது. அனிருத். தான் இங்கே இருப்பதைச் சொல்லவேண்டாம் என்று சாஹித்யா தலையாட்டினாள். என்ன சொல்கிறான் என்று அவளும் கேட்கட்டுமென, சாருலதா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

முகப்பில் எழுதியதை அவன் பார்த்துவிட்டான். அவன் மட்டுமில்லை, ஹீலியார்க்கின் இந்திய ஆட்களும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் விடிவதற்குள் அதை எடுத்துவிடச் சொன்னான். முதலில் கெஞ்சினான். அப்பாவின் சந்தோஷத்தைச் சொன்னான். கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் குடும்பங்களைச் சொன்னான். அவள் எடுக்கமாட்டேன் என்றதும் குரல் மாறியது.

“சும்மா பயமுறுத்தாதேக்கா. யாருக்கு என்ன நஷ்டம்? யாரோ, எங்கேயோன்னு பேசாதே. இதனால பாதிக்கப்படற ஒரே ஒரு ஆளோட பேரைச் சொல்லு. சொன்னா நாளைக்கே அழிக்கறேன்.”

சாருலதா நிமிர்ந்தாள். அந்தப் பெயர் அவள் பக்கத்தில், ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தது. நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அந்த ஒரு நொடியில் தம்பி நொறுங்கிப்போவான். மதுரைப் பெண்ணும் ராஜமுந்திரிப் பெண்ணும் சேலத்துக்காரரும் எல்லோரும் தப்பித்துவிடுவார்கள். ஒருத்தியைக் காட்டிக்கொடுத்தால் போதும்.

அவனும் அதைத்தானே செய்தான்.

“சொல்ல மாட்டேன்” என்றாள்.

“இருந்தாத்தானேக்கா சொல்லுவே?” என்றான் அனிருத். வெற்றி பெற்றவன் குரலில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது.

சாஹித்யா அந்தச் சிரிப்பைக் கேட்டாள். போனுக்காக வலது கையை நாத்தனாரின் முன்னால் நீட்டினாள்.

“கொடுங்க வதினா. நானே சொல்றேன்.”